மலைச் சகோதரர்களின் தங்கை

ஜனவரி 9

தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதே. விரல் ஒவ்வொன்றும் வீங்கிப்போய்ப் பேனா பிடிப்பதே பெரும்பாடாக இருக்கிறது. அந்தப் பாவத்துக்காகவாவது கடைசி வரை படித்துவிடு.

நான் நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுதினால் பொய்யாக இருக்கும். முட்டி இரண்டும் போயாச்சு. முதுகு எப்போதோ போயாச்சு. குடியிருப்பது மாடியில் என்பதால் மழைக்காலம் முடிந்ததிலிருந்து கீழே இறங்கவில்லை. ஜன்னலோரம் இரும்புக் கட்டில், அதன் நடுவில் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறது. அதில் உட்கார்ந்து நாள் பூராவும் தெருவைப் பார்க்கிறேன். ஒரு காலத்தில் தெருவே என்னைப் பார்த்தது, இப்போது நான் தெருவைப் பார்க்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்மோடு ரிங்கில் ஆடிய பெரிய ஆட்களில் யார் இருக்கிறார்கள் சொல். 'ரயில்' போய்விட்டான், இதயம். 'இரும்புக்கதவு' போய்விட்டான், அவனுக்கேற்ற பெட்டி கிடைக்காமல் இரண்டு பெட்டியை அறுத்து ஒட்டினார்களாம். 'தூண்' உயிரோடு இருக்கிறான், ஆனால் பெற்ற மகனையே அடையாளம் தெரியவில்லை. பெரிய உடம்போடு பிறந்தவன் சீக்கிரம் கிழவனாகிவிடுவான் என்று அப்போது யாரும் நமக்குச் சொல்லவில்லை. மிச்சம் நீயும் நானும்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய மல்யுத்தக்காரர்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மார்ச் மாதம் விழாவாம். மலைச் சகோதரர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டுமாம். "தம்பி வராம அண்ணன் மட்டும் வந்தா அது பாதி மலைதான் சார்" என்று ஒருவர் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். நீ வர வேண்டும். கேட்டுப் பழக்கமில்லாதவன் கேட்கிறேன்.

தங்கச்சி நலம். கீழே வாசலோரக் கடையில் இன்னும் தைக்கிறாள். நம் பழைய அங்கிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். உன் அளவு இப்போது என்ன என்று கேட்டாள்.

உன் அண்ணன்


ஜனவரி 20

பெரிய மலை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

நான் உங்கள் தம்பி அல்ல. நம் இருவருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். நீங்கள் ஒரு வயிறு, நான் ஒரு வயிறு. வாசல் கதவில் குனிந்து நுழைகிற ஆட்கள் என்பதைத் தவிர நமக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நம்மை அண்ணன் தம்பி ஆக்கியது கம்பெனி முதலாளி. "ரெண்டு பெரிய ஆளு வந்தா கூட்டம் வரும். ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுன்னா ஊரே வரும்" என்றார். யார் ஜெயிப்பது, யார் விழுவது என்று மதியச் சாப்பாட்டிலேயே பேசி முடிக்கிற தொழிலில் இதுவும் ஒரு பொய்யா என்று நினைத்துத் தலையாட்டினோம்.

உங்கள் கூடப்பிறந்தவளையும் இழுத்துவிட்டார்கள் பாருங்கள், அதுதான் வினை. அவள் பாட்டுக்கு நமக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். அவளை ரிங்கின் மூலையில் இரண்டு அங்கிகளோடு நிற்க வைத்து, 'மலைகளின் தங்கை' என்று சுவரொட்டியில் போட்டார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று நான் உங்களிடம் கேட்டது நினைவிருக்கும். வண்டி பழுதாகி நடுவழியில் நின்றிருந்த நாள். நீங்கள் சொன்னது எனக்கு ஒரு சொல் மாறாமல் நினைவிருக்கிறது. "ஊரு பூரா அவளை உன் கூடப்பொறந்தவன்னு நம்பிக்கிட்டிருக்கு. நாளைக்கு அவளையே கட்டிக்கிட்டு வந்து நின்னா காறித் துப்ப மாட்டானா? அப்புறம் கம்பெனிய இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்." அவளிடம் போய்க் கேட்டேன். "அண்ணன் சொன்னா சரி" என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

இப்போது எடை மேடையில் வேலை. சரக்கு லாரி வந்து ஏறி நிற்கும், எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பேன். "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, எங்க லாரி எடை கூடுது" என்று டிரைவர்கள் தினமும் ஒரே பகடி. தினமும் சிரித்து வைக்கிறேன். அலுத்துவிட்டது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கப் போகாமல் இல்லை. போன வீட்டில் எல்லாம் என்னை உட்கார வைத்துவிட்டு வாசலையே எட்டிப் பார்த்தார்கள். "அண்ணன் வரலையா?" என்றார்கள். அப்படி ஒரு அண்ணனை எனக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

விழாவுக்கு வருகிறேன். ஒரு நிபந்தனை. நாம் அண்ணன் தம்பி இல்லை, அவள் எனக்குத் தங்கை இல்லை என்று அந்த மேடையில் மைக்கைப் பிடித்து நீங்கள் சொல்ல வேண்டும். சொல்லுவேன் என்று எழுதுங்கள், அடுத்த வண்டியில் வருகிறேன்.

அளவு கேட்டாளாமே. வயிறு கூடியிருக்கிறது, தோள் சுருங்கியிருக்கிறது. சொல்லிவிடுங்கள்.

சின்ன மலை


பிப்ரவரி 2

டேய்,

அவர்களாம், அவர்கள்! வக்கீல் நோட்டீஸா அனுப்புகிறாய்? ஒரே தட்டில் சாப்பிட்டவன் நீ. உனக்குக் காய்ச்சல் வந்தபோது கட்டிலை உனக்கு விட்டுவிட்டு விடுதித் தரையில் கிடந்தவன் நான். ஒட்டும் இல்லை, உறவும் இல்லையா? நன்றாக இருக்கிறதடா உன் நியாயம்.

மேடையில் சொல்ல முடியாது.

நம் தொழிலில் இருந்தது ஒரே ஒரு ஒழுக்கம்தான், காட்டிக்கொடுக்கக் கூடாது. எதிரியாக ஆடுகிறவனோடு வெளியே ஒரு டீ குடிக்க மாட்டோம். ரிங்கில் கால் உடைந்ததாக ஆடினால் விடுதி வரைக்கும் நொண்டிக்கொண்டுதான் போவோம், கழிவறைக்குக்கூட. "எல்லாம் நடிப்புதானே?" என்று கேட்டவனிடம் ஒரு நாளாவது ஆமாம் என்றோமா? அடி பொய்யாக இருக்கலாம், கீழே விழுந்தது நிஜம். என் முட்டியைக் கேள், அது சொல்லும்.

போன மாதம் ஒரு பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டு மாடியேறி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "என் பசங்க ரெண்டு பேரும் ஒரு சுவத்துக்காக அடிச்சுக்கிட்டாங்க சார். உங்க ஆட்டத்துக்குக் கூட்டிட்டு வந்தேன். அண்ணன் உள்ள அடி வாங்கறப்போ தம்பி கயித்துக்கு வெளிய நின்னு கைய நீட்டிக்கிட்டே துடிச்சாரு. பாருங்கடா, கூடப்பொறந்தவன்னா இதுதான்னேன். அன்னையிலேர்ந்து ஒண்ணா இருக்காங்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்து, அது கம்பெனி கட்டிவிட்ட கதை ஐயா என்று நான் சொல்லவா?

கீழே முடிதிருத்தும் கடைக்காரர் வாரம் ஒரு நாள் மேலே வந்து எனக்குச் சவரம் செய்துவிட்டுப் போகிறார். கத்தியைத் தீட்டும்போதே, "தம்பி எப்படி இருக்காரு?" என்பார். "நல்லா இருக்கான், கடுதாசி போட்டிருந்தான்" என்பேன். நீ ஒரு கடுதாசியும் போட்டதில்லை. ஆனாலும் உன்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

அவளுக்கு ஐம்பது தாண்டியாயிற்று. கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இந்த வயதில் இந்தப் பேச்சு எதற்கு? அவளிடம் கேட்டீர்களா என்று எழுதாதே. கேட்கவில்லை.

அண்ணன்


பிப்ரவரி 12

பெரிய மலை அவர்களுக்கு,

'கேட்கவில்லை' என்று எழுதினீர்களே, அந்த ஒரு வார்த்தைக்கு நன்றி.

முகம் தெரியாத ஒருவருடைய பிள்ளைகள் ஒற்றுமையாக இருக்க வேண்டும். கீழே கடை வைத்திருப்பவர் மனம் நோகக் கூடாது. ரொம்ப சந்தோஷம். அதே வீட்டில் இன்னொருத்தி இருக்கிறாளே, அவள் எதில் சேர்த்தி?

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. கம்பெனியை மூடி எத்தனையோ காலம் ஆயிற்று. முதலாளியும் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறமும் நீங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை? அவள் போய்விட்டால் கட்டிலுக்குச் செங்கல் வைப்பது யார்? முதுகுக்கு மருந்து தேய்ப்பது யார்? உங்கள் அளவில் சட்டை எந்தக் கடையிலும் கிடைக்காதே, யார் தைப்பது? உங்களைத் தாங்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதற்குத் தொழில் தர்மம் என்று பேர் வைத்துவிட்டீர்கள்.

எங்களுக்குள் என்ன நடந்தது என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நம் மார்புச் சுற்றளவுக்கு ஒரு நாடா போதாது, இரண்டு நாடாவைச் சேர்த்துத் தைத்து வைத்திருந்தாள். உங்களுக்கு அளவெடுக்கும்போது ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு லொடலொடவென்று பேசுவாள், "அண்ணே, மூச்ச இழுத்துப் பிடிச்சு என்ன ஏமாத்தாத" என்பாள். எனக்கு அளவெடுக்கும்போது ஒரு வார்த்தை பேச மாட்டாள். நானும் பேச மாட்டேன். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடத்தை ஓட்டியிருக்கிறேன். சிரிப்பாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

விழாவுக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள். பொய் சொல்ல உங்களுக்கா சொல்லித் தர வேண்டும்?

சின்ன மலை


மார்ச் 18

தம்பி,

வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கை தானாக எழுதிவிட்டது.

நீ போன கடிதத்தில் எழுதியதற்குப் பதில் எழுத நாலைந்து முறை உட்கார்ந்தேன். திட்டித்தான் எழுத வந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் செங்கல் சங்கதி உண்மை. போகட்டும்.

விழா போன ஞாயிறு நடந்தது. மாடியிலிருந்து இறங்கியதே ஒரு தனி விழா. நின்று இறங்க முட்டி ஒத்துக்கொள்ளவில்லை. கைக்குழந்தை மாதிரி ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். கடைக்காரர் யாருக்கோ பாதிச் சவரத்தில் கத்தியை வைத்துவிட்டு ஓடிவந்து கீழ்ப்படியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார், நான் உருண்டால் பிடிப்பதற்காம். உருண்டிருந்தால் அந்த மனிதர் கதி என்ன? எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மண்டபம் பாதிதான் நிறைந்திருந்தது. எல்லாம் நரைத்த தலைகள். பிளாஸ்டிக் நாற்காலி என்னைத் தாங்காது என்று மரப் பெஞ்சு போட்டிருந்தார்கள். உனக்கு உடம்பு சரியில்லை, அண்ணனுக்கு உருக்கமாகக் கடிதம் எழுதியிருக்கிறாய் என்று அறிவித்தார்கள். கைதட்டல். நான் சொல்லிக் கொடுத்ததுதான், நீ சொன்னபடியே.

அப்புறம், "மலைகளின் தங்கையும் வந்திருக்காங்க, மேடைக்கு வாங்கம்மா, பழைய மாதிரி அங்கியோட ஓரத்துல நில்லுங்க" என்று கூப்பிட்டார்கள். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். விடவில்லை. வந்து நின்றாள். ஒரு அங்கி என் மேல், பொத்தான் எட்டவில்லை. இன்னொன்று அவள் கையில். உன்னுடையது. அதன் பக்கத் தையலைப் பிரித்து வயிற்றுக்குக் கூடுதலாக விட்டு, தோளைப் பிடித்துத் தைத்திருந்தாள். நீ வரவில்லை என்று தெரிந்த பிறகும் தைத்து முடித்திருக்கிறாள். போட்டோக்காரன், "இன்னொரு அண்ணன் வரலேன்னா என்னம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றான். சிரித்தாள். பத்தொன்பது வயதிலிருந்து யார் சிரிக்கச் சொன்னாலும் அந்த மூலையில் நின்று சிரித்தவள். ஐம்பதைத் தாண்டி, மூக்குக் கண்ணாடியோடு அதே சிரிப்பு.

மைக்கை வாங்கினேன். ஏற்புரை என்று நினைத்தார்கள். "அவன் என் தம்பி இல்லை" என்றேன். "ரத்த சம்பந்தம் கிடையாது. கம்பெனி கட்டிவிட்ட கதை. இவ அவனுக்குத் தங்கச்சி இல்லை. இவளைக் கட்டிக்கிறேன்னு அவன் கேட்டான். உங்களுக்குப் பயந்துக்கிட்டு நான்தான் மாட்டேன்னேன்." தொழிலில் முதல்முறையாகக் காட்டிக்கொடுக்கிறேன், செருப்பு வந்து விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

முன்வரிசையிலிருந்து ஒருவர், "தெரியுமே!" என்றார்.

சிரிப்பு. கேலிச் சிரிப்பு இல்லை, வீட்டு மனிதர்கள் சிரிப்பது மாதிரி. "ஒருத்தரு கறுப்பு, ஒருத்தரு செவப்பு, காது மூக்கு எதுலயும் ஜாடை இல்ல, அண்ணன் தம்பியாம்!" என்று ஒரு குரல். சுவருக்காக அடித்துக்கொண்ட பிள்ளைகளின் அப்பாவும் வந்திருந்தார். "என் பசங்களுக்கே அப்பவே தெரியும் சார். நல்லா இருந்துச்சு, பாத்தோம்" என்றார். கடைக்காரர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார், "உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் சார் தம்பி எப்படி இருக்காருன்னு வாராவாரம் கேப்பேன்." எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

யாரும் காறித் துப்பவில்லை. துப்புவதற்கு ஒருத்தருமே இருந்ததில்லை. இல்லாத ஆட்களுக்குப் பயந்து உங்கள் இரண்டு பேர் வாழ்க்கையையும் மூட்டை கட்டி வைத்தேன். வீணாய்ப் போச்சுடா எல்லாம். எனக்கு எந்த அடியும் இப்படி வலித்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் அங்கியைக் கழற்றி மடித்து வைத்தாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஊர்ல அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு. தெரியாத மாதிரி இருந்தது நாம மூணு பேருதான்" என்றாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "நீ வாயைத் திறக்கல, சரி. உனக்கு நான் வேணும். அவருக்கு என்ன? அண்ணன் சொன்னா சரின்னு ஒரு வார்த்தை சொன்னேன், பையத் தூக்கிட்டுப் போயிட்டாரு. அப்புறம் ஒரு பஸ்ஸுகூடவா ஓடல? நிபந்தனையாம், நிபந்தனை. ஒருத்தன் வாய அசைக்கல, ஒருத்தன் கால அசைக்கல. மலைன்னு சரியாத்தான் பேரு வச்சிருக்கான்."

இதை இப்படியே எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

அண்ணன்


மார்ச் 27

அண்ணே,

கடிதத்தை எடை மேடையில் வைத்துப் படித்தேன். வெளியே லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. ஒரு டிரைவர் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, வழக்கமான பகடியைச் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டான்.

அவள் சொன்னது சரி. உங்கள் மேல் கோபம் இருந்தவரை எனக்கு ஒரு வேலை இருந்தது. உங்களைக் குற்றம் சொல்லிக்கொண்டே நாளைத் தள்ளிவிடலாம். வந்து நின்று கேட்டு, அவள் இல்லை என்று சொல்லிவிட்டால்? அதற்குத்தான் பயந்திருக்கிறேன். ரிங்கில் எத்தனையோ பேர் என்னைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டிருக்கிறார்கள், அப்போதெல்லாம் பயந்ததில்லை. எங்கே விழுவோம் என்று முன்னாலேயே பேசி வைத்திருப்போமே.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. உங்களை வந்து பார்க்க வேண்டும். ஏப்ரல் நடுவில் இரண்டு நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன். அவளுக்குத் தொந்தரவு ஒன்றும் வேண்டாம். அவள் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து வருகிறேன். உடம்பு சரியில்லாத அண்ணனைப் பார்க்கத் தம்பி வந்த மாதிரி வந்து, பார்த்துவிட்டு, சாயங்கால வண்டிக்குக் கிளம்பிவிடுகிறேன். தெருவிலும் யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றாது.

படி குறுகலா? எழுதுங்கள்.

தம்பி


ஏப்ரல் 4

படி குறுகல்தான். பக்கவாட்டில் திரும்பி ஏற வேண்டும்.

உன் கடிதத்தைக் கீழே அவளுக்குக் கொடுத்தனுப்பினேன். கடையில் வாடிக்கைக்காரர்கள் இருந்தார்களாம், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்று படித்தாளாம். படித்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பி அனுப்பிவிட்டாள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, நம்ப மாட்டாய்.

நேற்றுக் காலையில் நடுத்தர வயதுக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தாள். மருத்துவமனையில் நோயாளிகளைத் தூக்கிப் படுக்க வைக்கிற வேலை பார்த்தவராம். தோள் நன்றாக இருக்கிறது. "இவரு இனிமே காலையிலயும் சாயங்காலமும் உன்னப் பாத்துக்க வருவாரு அண்ணே" என்றாள். கேட்கவில்லை அவள், முடிவைச் சொன்னாள். எனக்குப் புரிந்துவிட்டது. சரி என்று மட்டும் சொன்னேன்.

அவர் போன பிறகு, உனக்கு என்ன பதில் எழுதட்டும் என்று கேட்டேன். வாசல்படி வரைக்கும் போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"உன் தம்பியா வர்றதா இருந்தா வர வேண்டாம்னு எழுது" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். எவ்வளவோ காலமாக வாடா போடா என்று கூப்பிட்ட வாய், இப்போது கை கூசுகிறது. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

பகலிலேயே வாங்க, மாப்பிள்ளை. தெரு பார்க்கட்டும்.